இளைஞர் குழுவைக் கடல் சாகச முகாமுக்கு அழைத்துப் போவது எப்படி: பாக் நீரிணைக் கரைக்கான முழு வழிகாட்டி

எங்கள் குழுவில் இருப்பவர்கள் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள். வயது 14 முதல் 19 வரை. பாதிப் பேர் கடலை நேரில் பார்த்ததே இல்லை. மீதிப் பேர் திருச்செந்தூரில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காலை நனைத்தவர்கள். இவர்களை ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, பிரப்பன்வலசை, மண்டபம் பக்கம் நடக்கும் கடல் முகாம்களுக்குச் சில முறை அழைத்துப் போயிருக்கிறேன். கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுவது, பலகையில் நின்று துடுப்புப் போடுவது, முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்ப்பது என்று இரண்டு மூன்று நாள் முகாம்கள். நீங்கள் ஒரு வாசகர் வட்டமோ, தேவாலய இளைஞர் குழுவோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுவோ நடத்துபவராக இருந்தால் இது உங்களுக்காகத்தான்.

1. யார் ‘வேண்டாம்’ என்று சொல்வார்கள்?

தேதி குறிப்பதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காற்று சரியில்லை, படகு சரியில்லை, ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், ‘இன்று தண்ணீரில் இறங்க வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். முகாம்காரர் கெஞ்சினாலும், பிள்ளைகள் அழுதாலும், கட்டிய பணம் திரும்பாது என்றாலும் மாற்றக் கூடாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் போய் விவாதித்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

ஒரு முறை நாங்கள் போய்ச் சேர்ந்த முகாமில் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஐந்தாறில் கொக்கி உடைந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் அளவைத் தவிர வேறு அளவே இல்லை. இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பெண் பிள்ளைகள் நிஜமாகவே அழுதார்கள். அன்று காலை பக்கத்துக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு, எங்கள் 28 பேரும் சேர்ந்து கயிறு பிடித்தோம். வலையில் வந்தது இரண்டு கூடை காரல், கொஞ்சம் நண்டு. ஆனால் உள்ளங்கை சிவந்துபோய்த் திரும்பிய பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

2. எந்த மாதம், எந்தக் கடல்

ராமேஸ்வரம் பக்கம் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். ஒன்று கொந்தளிக்கும் காலத்தில் பெரும்பாலும் மற்றொன்று அடங்கியிருக்கும். ஏறத்தாழ மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கடல் சீறும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று, நிலைமை தலைகீழ்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கச்சான் காலத்தில் வடகடல் அலையே இல்லாமல் இருப்பதற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். கரையில் நின்று பார்த்தால் கண்ணாடி. ஆனால் துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கயாக்கை அதே காற்று மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வர எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டும், அதற்குள் கை ஓய்ந்திருக்கும். இந்தக் கரையில் நான் அலையைவிடக் கரைக்காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

பள்ளி, கல்லூரி விடுமுறைகளோடு பொருத்திப் பார்த்தால் மே முதல் பாதி வசதியானது. வெயில் கொளுத்தும், ஆனால் காலையில் கடல் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் தண்ணீரில் படகு நடமாட்டம் குறைவு. மீன் விலை ஏறியிருக்கும், சாப்பாட்டுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் என்றால் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது.

அரையாண்டு விடுமுறையில் போகாதீர்கள். டிசம்பர் இந்தக் கரையில் புயல், மழை காலம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவில் வந்தது.

3. முகாமிடம் போனில் கேட்க வேண்டியவை

இணையத்தில் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை பயிற்றுநர்கள், அதில் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் யாருக்கு இருக்கிறது? தண்ணீரில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? நாங்கள் 5 பேருக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. மோட்டார் வைத்த மீட்புப் படகு, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் இயங்கத் தயாராக நிற்குமா, இல்லை தேவைப்பட்டால் ‘கூப்பிட்டுக்கொள்ளலாமா’? இரண்டாவது பதில் வந்தால் வேறு முகாம் தேடுங்கள். சிறிய அளவு லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது? பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறை எத்தனை? குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குளிக்க ஆகும், குடிக்க ஆகாது.

கடைசியாக ஒன்று: “எந்த மாதிரி நாளில் நீங்களே கடலில் இறக்க மாட்டீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் யோசிக்காமல் காற்று, திசை, மழை மேகம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் மீனவக் குடும்பத்துத் தம்பிகள்தான் இந்த வேலையில் இருக்கிறார்கள், கடலைப் பற்றி அவர்கள் பேச்சில் தயக்கம் இருக்காது. “அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியமே போதும், விட்டுவிடுங்கள்.

4. பிள்ளைகளைத் தெரிந்துகொள்வது

நீச்சல் தெரியாத பிள்ளை நமக்குப் பிரச்சினை இல்லை. அவன் பயிற்றுநர் சொல்வதைக் கேட்பான், லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் போடுவான், இடுப்பளவு தண்ணீரைத் தாண்ட மாட்டான். என் கவலையெல்லாம் கிணற்று நீச்சல்காரன்தான்.

எங்கள் குழுவில் ஒரு பையன், 17 வயது. “மூணு பனை ஆழக் கிணத்துல தரையத் தொட்டு மண்ணு எடுத்துட்டு வருவேன் அண்ணே” என்பான். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். கடலில் இறங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்ன அலை முகத்தில் அடித்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கிணறு என்றால் நாலு எட்டில் சுவர், கைக்குப் படிக்கல். இங்கே கையை நீட்டிய பக்கமெல்லாம் தண்ணீர். அவன் கத்தவில்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போக, கண் எங்கேயோ நிலைத்திருந்தது. ஜாக்கெட் போட்டிருந்ததால் பயிற்றுநர் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டார். மூழ்குகிற ஆள் சினிமாவில் மாதிரிக் கையை ஆட்டிக் கத்துவதில்லை. சத்தமே இருக்காது. இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பக்கத்து நீச்சல் குளத்தில் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. மல்லாந்து இரண்டு நிமிடம் மிதக்க முடிகிறதா, முகத்தில் தண்ணீர் தெளித்தால் பதறாமல் மூச்சு விட முடிகிறதா, இந்த இரண்டும்தான். மூன்று பட்டியல் போடுங்கள்: தண்ணீர் பயம் உள்ளவர்கள், மிதக்கத் தெரிந்தவர்கள், நன்றாக நீந்துபவர்கள். மூன்று பட்டியலுக்கும் கடலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

பெற்றோரிடம் உடல்நிலைத் தாள் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் சீழ், இறால் நண்டு ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை. வலிப்பு இருப்பதைச் சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று மறைக்கும் பெற்றோர் உண்டு. “மறைக்காதீங்க அம்மா, தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பார்த்துக்குவோம்” என்று தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். அப்படிப்பட்ட பிள்ளை தண்ணீரில் இறங்கலாமா என்பதை அவர்களுடைய டாக்டர் சொல்லட்டும். இறங்காத பிள்ளைக்கும் கரையில் நேரம் பார்ப்பது, எண்ணிக்கை எடுப்பது என்று உண்மையான வேலைகள் இருக்கின்றன.

பெண் பிள்ளைகள் வந்தால் பெண் பொறுப்பாளர் கட்டாயம், ஒருவர் அல்ல, இரண்டு பேர். மாதவிடாய் நாட்களைப் பற்றி அந்த அக்காமார் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இறங்குவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். யாரும் காரணம் கேட்கக் கூடாது.

5. பை

சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டிய முழுக்கை டி-ஷர்ட், லெகின்ஸ் அல்லது ட்ராக் பேன்ட், இரண்டு செட். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல். துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு. தொப்பி. தண்ணீர் பாட்டில். ஈரத்துணிக்குத் தனிப் பை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதைக் கட்ட ஒரு கயிறு. நகை வேண்டாம், மெல்லிய கம்மல்கூட வேண்டாம். மருந்துப் பெட்டியில் ஓஆர்எஸ் பொட்டலங்கள் நிறைய, நல்ல இடுக்கி, இன்ஹேலர், வாந்தி மாத்திரை.

டிரோன் எடுத்துவர ஆசைப்படும் பிள்ளை ஒன்று எல்லாக் குழுவிலும் இருக்கும். உச்சிப்புளியில் இருப்பது ஐஎன்எஸ் பருந்து, கடற்படையின் விமானத் தளம். டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

6. பயணம்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். அந்த ஆறையே ஒரு குழுவாக வைத்து ஒரு பொறுப்பாளரைப் போட்டால் பயணம் முழுக்க அந்தக் கணக்கு உதவும். உங்கள் ரயில் உச்சிப்புளியில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் ராமநாதபுரத்தில் இறங்கி வேன் எடுக்கலாம். பாம்பன் பாலம் இவற்றுக்கெல்லாம் அப்பால் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தில் ரயிலில் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், திரும்பும் நாளில் ராமேஸ்வரத்தில் ஏறுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பாலத்தின் மேல் யாரும் வாசற்படியில் நிற்கக் கூடாது.

இனி எண்ணிக்கை. ஒரு முறை தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் “ஒன்று, இரண்டு” என்று எண் சொல்ல வைத்தோம், 28 வந்தது, வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகு போன் வந்தது, ஒரு பையன் கடையிலேயே நிற்கிறான். கழிப்பறைக்குப் போன அவனுக்காகக் கூட்டாளி எண் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து நாங்கள் எண்ணை நம்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. விசில் ஊதினால் ஜோடி கையைப் பிடித்து உயரத் தூக்க வேண்டும். தூக்கிய கைகளைப் பொறுப்பாளர் எண்ணுவார். 14 ஜோடிக் கை. தண்ணீரிலும் இதேதான், இருபது நிமிடத்துக்கு ஒரு விசில்.

7. முதல் சாயங்காலம்: பார்ப்பது மட்டும்

வந்து இறங்கியதும் பிள்ளைகள் கடலை நோக்கி ஓடுவார்கள். ஓடட்டும், தண்ணீர் விளிம்பு வரை. அன்று யாரும் இறங்கக் கூடாது. பயணக் களைப்பு, வெறும் வயிறு, மங்கும் வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் விபத்துக்கு வேறெதுவும் தேவையில்லை.

மணலில் வட்டமாக உட்காரவைத்து, கடலைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும்படி உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேளுங்கள். காற்று எங்கிருந்து, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே பாறை, எங்கே சேறு. நீவாடு என்பது மீனவர்கள் நீரோட்டத்துக்குச் சொல்லும் சொல். ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், அது போகும் பாதைதான் நாளைக்கு நாம் மிதந்தால் போகும் பாதை.

அதிர்ஷ்டம் இருந்தால் கடற்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களைப் பார்க்கலாம். விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டி, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்குகிறவர்கள். ஒரு அக்கா எங்கள் பிள்ளைகளுக்கு விரலில் துணி சுற்றிக் காட்டினார். சுற்று சுற்றாக, நகக்கண் வரை, இறுக்கமாக. துணியை அவிழ்த்தபோது விரல் நுனியெல்லாம் பழைய கீறல். அதைப் பார்த்த பிறகு ஜாக்கெட்டைச் சரியாகப் போடச் சொல்லி யாரிடமும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

8. தண்ணீரில்

காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடியுங்கள். அப்புறம் காற்று எழும், வெயிலும் தாங்காது. இறங்கும் முன் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். ‘கள்ளக்கடல்’ என்ற சொல் அதில் இருந்தால் அன்று கரையோடு சரி. எங்கோ தூரத்துப் பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சொல்லாமல் வந்து ஏறுவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம், அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுபட்டு இறந்தார்கள். நம் பிள்ளைகளின் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட.

லைஃப் ஜாக்கெட் சோதனை: எல்லாக் கொக்கியும் மாட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்களே கை வைத்துப் பாருங்கள்.

கயாக்கில் ஏறும் முன், முட்டளவு தண்ணீரில் வேண்டுமென்றே ஒரு முறை கவிழ்க்க வேண்டும். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதே போய்விடும். கவிழ்ந்தால் கயாக்கை விடக் கூடாது, அதுதான் பெரிய மிதவை. துடுப்பு போனால் போகட்டும். முன்னால் ஒரு பயிற்றுநர், கடைசியில் ஒரு பயிற்றுநர், நடுவில் பிள்ளைகள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எதிர்த்து முதலில் போங்கள். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். கரைக்காற்று அடிக்கும் நாளில் கரையை ஒட்டியே, எழுந்து நிற்கும் ஆழத்துக்குள்.

பவளப்பாறை பார்க்கும்போது காலை ஊன்றக் கூடாது. பாறை மாதிரித் தெரிவது உயிர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூட ஞாபகத்துக்கு என்று பையில் போடக் கூடாது. கடற்புல் பரப்பைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆவுளியாவைப் பற்றி, அதாவது கடல்பசுவைப் பற்றிச் சொல்லுங்கள். அது அந்தப் புல்லை மேய்ந்துதான் வாழ்கிறது. பாக் நீரிணையில் அதற்காகவே 2022இல் தமிழக அரசு ஒரு காப்பகம் அறிவித்தது.

கரையில் எப்போதும் ஒரு பொறுப்பாளர் தண்ணீரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. படம் எடுப்பது வேறொருவர் வேலை.

9. ஏதாவது ஆகிவிட்டால்

நீவாடு இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பலாம். மூழ்குபவரைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளை குதிக்கவே கூடாது. கயிறு, துடுப்பு, காலிக் கேன், எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள்.

தண்ணீரிலிருந்து எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். நம் ஊரில் இன்றும் அதைச் செய்கிறார்கள், அதில் போகும் நிமிடங்கள் உயிரின் நிமிடங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, இரண்டு மூச்சு, மறுபடி 30. யாராவது 108க்குப் போன் போடட்டும். கடலில் ஆள் காணவில்லை என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இந்த முதலுதவியைப் படித்துக் கற்க முடியாது. பயணத்துக்கு முன் எல்லாப் பொறுப்பாளர்களும் ஒரு நாள் நேரில் பயிற்சி எடுங்கள். தண்ணீர் குடித்துப் பிழைத்த பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்று தோன்றினாலும், இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, தூங்கி வழிகிறான் என்றால் உடனே ஆஸ்பத்திரி. பெரிய மருத்துவமனை ராமநாதபுரத்தில் இருக்கிறது. முகாமிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று முதல் நாளே வேன் டிரைவரைக் கேட்டு வையுங்கள்.

சொறி பட்டால், அதாவது ஜெல்லிமீன், கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். மணலைப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கும் சூட்டில் வெந்நீர். திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் வலியைக் குறைக்கும், ஆனால் அதற்குக் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிப்போகும்.

10. கடைசி நாள்

தனுஷ்கோடிக்குப் போகாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது. ஆனால் அங்கே குளிக்கக் கூடாது, காலை நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் சேருமிடம், இழுப்பு கடுமை. இடிந்த தேவாலயத்தின் நிழலில் உட்காரவைத்து 1964இல் நடந்ததை, ரயில் ஒன்று பயணிகளோடு கடலில் அடித்துப் போனதைச் சொல்லுங்கள். போனில் ரோமிங்கை அணைக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் இலங்கை சிக்னல் பிடிக்கும். நேரம் இருந்தால் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு போன் போடுங்கள். காது வலி, கால் வெட்டு பழுத்தது, தோல் உரிந்து எரிவது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். இன்ஹேலரை உரியவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் உடல்நிலைத் தாள்களை அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள்.